கையெழுத்துப் போட்ட பிளாஸ்திரி

அன்றைக்கு அந்தக் கூடத்தில் இருந்தவர்களை இடமிருந்து வலமாக என்னால் இப்போதும் சொல்ல முடியும். முதலில் லூர்துமேரி. பக்கத்தில் அவர் கணவர் செபஸ்தியான். அவர்களுடைய இரண்டு பெண் பிள்ளைகள், ஒரே துணியில் தைத்த பாவாடையோடு. இறந்துபோன அம்மாவின் தம்பி சவரிமுத்து, அவர் மனைவி. கடைசியில் மாதா கோயில் உபதேசியார்; அவரைப் படத்தில் நிற்கச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, அவராகவே வந்து நின்றுகொண்டார். இவர்களுக்கு முன்னால், பெஞ்சின் மேல், இன்னும் மூடாத சவப்பெட்டியில் சவேரியம்மாள். தலை லூர்துமேரி பக்கம், கால் உபதேசியார் பக்கம். எதிரே பன்னிரண்டு அடி தள்ளி, கேமராவோடு நான். அவ்வளவு பேர்தான். என் முதலாளி ராஜமாணிக்கம் அங்கே வரவில்லை. அவருடைய கையெழுத்து மட்டும் வந்திருந்தது. என் கையிலிருந்த கேமராவின் மேல், ஒரு பிளாஸ்திரியில்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் ஊர் புகைப்படக்காரர்கள் சங்கம் ஒரு மலர் போடுகிறது. செயலாளர் தம்பி வீட்டுக்கே வந்து, “ஐயா, டிஜிட்டல் கேமரா வச்சிருக்கற புதுப் பசங்களுக்கு என்னென்ன சாமான் வேணும், எங்கெங்க கத்துக்கலாம், அதைப் பத்தி ஒங்க அனுபவத்துல எழுதிக் குடுங்க” என்றார். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். என்னைப்போய்க் கேட்கிறாரே என்று நான்கு நாள் பேனாவைத் தொடவில்லை. எழுதினால் தப்பு வந்துவிடுமோ என்று பயம், எழுதாவிட்டால் தப்பாக நினைத்துக்கொள்வாரோ என்று பயம்.

சாமான்களை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும். பேட்டரி இரண்டு வேண்டும். மூன்று இருந்தால் கொஞ்சம் தூங்கலாம். எல்லாவற்றையும் ஒரே பையில் போடாதீர்கள், பை தொலைந்தால் எல்லாம் தொலையும். படம் பதிகிற கார்டும் அப்படித்தான், ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊரில் வேலை என்றால், அரிசி வாங்கி வந்த தடித்த பிளாஸ்டிக் பை இரண்டு, ரப்பர் பேண்டு நாலைந்து. கிளிஞ்சல்மேடு பக்கம் கடற்கரையில் எடுத்துவிட்டு வந்தால், வீட்டுக்குள் நுழைந்ததும் கேமராவை ஈரத்துணியால் ஒற்றி, பிறகு காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். உப்புக்காற்று அன்றைக்கு ஒன்றும் செய்யாது, ஆறு மாதம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். ஆட்டம் இல்லாத ஸ்டாண்டு ஒன்று. பழைய வேட்டித் துண்டு. ஒரு ஊக்கு. ஊக்கு எதற்கு என்று கேட்காதீர்கள், ஒருநாள் தேவைப்படும். நான் தொழிலை விட்டுப் பல வருடம் ஆகிறது. இன்னும் படுக்கப்போகும் முன் பையைத் திறந்து பார்க்கிறேன். உள்ளே ஒன்றும் கிடையாது. ஜிப் சரியாக மூடியிருக்கிறதா என்று பார்ப்பேன்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய சாமான் ஒன்று உங்கள் கேமராவிலேயே இருக்கிறது. பின்பக்கத்தில் அந்தச் சின்னத் திரை. எடுத்த மறு நொடியில் வந்ததா வரவில்லையா என்று தெரிந்துவிடுகிறது. ஃபிலிம் காலத்தை நினைத்து உருகுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் உருகமாட்டேன். அந்தத் திரை அன்றைக்கு எனக்கு இருந்திருந்தால், சவேரியம்மாள் வீட்டுக் கூடத்தில் நான் பட்ட பாடு கிடையாது, அதற்குப் பிறகு பட்டதும் கிடையாது.

நெடுங்காட்டிலிருந்து தினமும் சைக்கிளில் வந்து, காரைக்கால் கடைத்தெருவில் ராஜமாணிக்கம் முதலாளியின் ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். எழுபதுகளின் தொடக்கம். முதலில் பெருக்குவது, தண்ணீர் பிடிப்பது, கழுவிய படங்களைக் கம்பியில் கிளிப் மாட்டிக் காயப்போடுவது. அப்படியே மூன்று வருடம் போயிற்று. பிறகு ஒருநாள் முதலாளி, “கேமராவத் தொடணும்னா டெபாசிட் கட்டணும் கலியா. பொருள் வெளிநாட்டுப் பொருள்” என்றார். என் பெயர் கலியபெருமாள். அப்பா கறவை மாட்டைக் கன்றோடு விற்று நானூறு ரூபாய் கொடுத்தார். வாய்க்காலில் தண்ணீர் வராமல் நடவு நின்றுபோன வருடம் அது. மாடு இருந்தால் பாலாவது கிடைத்திருக்கும். அந்த நானூறைக் கொண்டுபோய்க் கட்டிய நாளிலிருந்து, கேமராவைத் தோளில் மாட்டும்போதெல்லாம் மாட்டையே தூக்கி மாட்டிக்கொண்ட மாதிரிதான் எனக்கு இருக்கும்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தவே மாட்டார். வெள்ளைச் சட்டை, தங்க ஃபிரேம் மூக்குக்கண்ணாடி. சாதாரண நேரத்தில் என்னை “கலியா, வாடா, போடா” என்பார். டீ வந்தால் எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றச் சொல்வார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். “கலியபெருமாள், கொஞ்சம் இப்படி வாங்க” என்று அவர் சொன்னால் நாங்கள் எல்லோரும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிடுவோம். என்னோடு வேலை பார்த்த தங்கராசு அண்ணன், நெகட்டிவில் பென்சிலால் முகத்தைத் திருத்துகிற ‘டச்சிங்’ வேலைக்காரர், “நம்மள அவரு ‘டா’ போடற வரைக்கும் நம்ம வீட்டுல அடுப்பு எரியும்டா” என்பார்.

அந்த முதலாளி தொழிலைச் சொல்லிக்கொடுத்த விதம் வேறு எங்கும் இருந்திருக்காது. ஃபிலிம் கழுவுகிற மருந்துகளான டெவலப்பர், ஹைப்போ எல்லாவற்றையும் வாங்கிய டப்பாவிலிருந்து மாற்றி, பேர் எழுதாத பாட்டில்களில் ஊற்றி, ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு கலர் நூல் கட்டியிருப்பார். எந்த நூல் எது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஃபிலிமை அவரே இருட்டறையில் கேமராவுக்குள் போடுவார், அவரே எடுப்பார். அந்த ஜப்பான் கேமராவைப் பிரான்சிலிருந்து திரும்பி வந்த ஒருவரிடம் வாங்கினார். அதோடு வந்த புத்தகம் பிரெஞ்சில் இருந்தது. அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. எங்கள் கண்ணில் படக்கூடாது என்று அதையும் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

கேமராவை எங்களிடம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்வார். ஷட்டர் வேகத்தை மாற்றுகிற திருகு, லென்ஸில் இருக்கிற இரண்டு வளையம், மூன்றையும் தானே ஓர் இடத்தில் வைத்து, மருந்துக்கடையில் விற்கிற பிளாஸ்திரியை மேலே ஒட்டிவிடுவார். ஒட்டி முடித்ததும் மை பேனாவால் பிளாஸ்திரியிலிருந்து கேமரா உலோகம் வரைக்கும் போகிற மாதிரி கையெழுத்துப் போடுவார். சாராயக்கடைக்கு சீல் வைக்கிற மாதிரி. யாராவது பிரித்தால் கையெழுத்து இரண்டாகப் போகும்.

“நீ அமுக்குனா போதும். படம் வரும்.”

அது எப்படி வரும் என்று கேட்கக்கூடாது. தூரத்துக்கு ஒரு கயிறு. கேமராவில் வார் மாட்டுகிற வளையத்தில் கட்டிய பன்னிரண்டடிக் கயிறு. அதன் முனை ஆளின் முகத்தைத் தொடுகிற இடத்தில் நின்றுகொண்டு, கயிற்றைச் சுருட்டிவிட்டு, ஃபிளாஷை மாட்டி அமுக்க வேண்டும். கல்யாணப் பெண்ணும் பன்னிரண்டடி, காதுகுத்துக் குழந்தையும் பன்னிரண்டடி. அந்தக் காலத்தில் எங்கள் ஸ்டுடியோ எடுத்த படங்களை எங்கேயாவது பார்த்தால் கவனித்துப் பாருங்கள், எல்லோரும் ஒரே தூரத்தில்தான் நிற்பார்கள். ஜனங்கள் அதை எங்கள் ஸ்டுடியோவின் முத்திரை என்று நினைத்தார்கள்.

கற்கும் வழிகளைப் பற்றிச் செயலாளர் தம்பி கேட்டாரே, எனக்குக் கிடைத்தவை இவைதான். ஃபிலிம் டப்பாவுக்குள் நாலாக மடித்து ஒரு காகிதம் இருக்கும். இங்கிலீஷ் படிக்க வராவிட்டாலும் அதில் சூரியன், மேகம், நிழல் என்று சின்னச் சின்னப் படம் போட்டு, பக்கத்தில் எண் போட்டிருப்பார்கள். முதலாளி அதைக் கிழித்துத்தான் குப்பையில் போடுவார். காலையில் பெருக்கும்போது துண்டுகளைப் பொறுக்கி, வீட்டில் சோற்றுப் பசையால் ஒட்டுவேன். புது ஃபிளாஷ் வந்தபோது அதன் அட்டைப் பெட்டியை அடுப்புக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதன் பக்கவாட்டில் மின்னல் மாதிரி வளைந்த கோடு ஒன்று, பக்கத்தில் 60 என்று போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டேன்.

அதற்குச் சில மாதம் கழித்து, பழைய பிளாஸ்திரி அழுக்காகிவிட்டதென்று முதலாளி மாற்றும்போது டீ கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். திருகில் எல்லா எண்ணும் வெள்ளை. ஒன்று மட்டும் சிவப்பு. 60. பக்கத்தில் அதே மின்னல். ஏன் சிவப்பு? யாரிடமும் கேட்க முடியாது. வாரக்கணக்கில் அதை நினைத்துக்கொண்டே சைக்கிள் மிதித்தேன். ஃபிளாஷ் போட்டால் சிவப்பில்தான் இருக்க வேண்டும் போலிருக்கிறது என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். அது சரிதானா என்று எனக்கே தெரியாது.

சவேரியம்மாள் இறந்தது கல்லறைத் திருநாள் முடிந்த வாரம். மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள தெரு. இரண்டு நாளாக விட்டு விட்டு மழை. மகன் அந்தோணிசாமி பிரான்சில் ராணுவத்தில் இருந்தார். அவர் வந்து சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிடும். இங்கே அப்படி வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில், பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பத்தோடு ஒரு படம் எடுத்து அனுப்புவது வழக்கம். ஆள்தான் வர முடியவில்லை, முகத்தையாவது பார்க்கட்டும் என்று. முதலாளி சாவு வீட்டுக்குப் போகமாட்டார், என்னைத்தான் அனுப்புவார். “சாவுக்கு நாலு படம். அஞ்சாவது எடுத்தே, ஒன் சம்பளத்துல” என்பார்.

கூடத்துக்குள் நுழைந்ததும் லூர்துமேரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, அம்மா ஒரு படம்கூட எடுத்துக்கிட்டது இல்ல தம்பி. கல்யாணத்துக்குக்கூட இல்ல. எடுத்தா ஆயுசு கொறைஞ்சிடும்னு பயம். அண்ணன் லீவுல வந்தப்ப கெஞ்சிப் பாத்துச்சி, அப்பயும் எந்திரிச்சி ஓடிடுச்சி. இது ஒன்னுதான். மொகம் நல்லா வுழணும்.”

“வுழும்க்கா.”

சவரிமுத்து அழுது சிவந்த கண்ணோடு சொன்னார்: “எங்க அக்கா கேமராவக் கண்டா கொல்லைப்பக்கமா ஓடும். இன்னிக்கி எங்க ஓடுதுன்னு பாப்போம்.” சொல்லிவிட்டு அவரே மறுபடி அழுதார்.

உபதேசியார் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். “சீக்கிரம் ஆகட்டும்ப்பா. கோயில்ல சாமியாரு காத்துக்கிட்டிருக்காரு. மழ விட்டிருக்கப்பவே தூக்கிடணும்.”

கயிற்றின் முனையை லூர்துமேரியிடம் கொடுத்தேன். வழக்கமாக அதை உயிரோடு இருக்கிறவர்கள் மூக்கில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். அவர் அதை அம்மாவின் கன்னத்தில் வைத்து, கையை எடுக்காமல் அப்படியே நின்றார். நான் பின்னால் நகர்ந்து சுவரோரம் போய் நின்றேன். “சரிக்கா, வுட்டுடுங்க” என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

முதல் படத்தை அமுக்கினேன். ஃபிளாஷ் எரிந்தது. ஆனால் சத்தம் வேறு மாதிரி இருந்தது.

ஆயிரக்கணக்கில் அமுக்கிய கேமரா. அதன் சத்தம் எனக்கு எங்கள் வீட்டுக் கதவுச் சத்தம் மாதிரி. அன்றைக்கு அது கொஞ்சம் குட்டையாக, அவசரமாகக் கேட்டது. மழையினால் காது அடைத்திருக்குமோ என்று நினைத்தேன். சத்தத்தைக் கேட்பதற்காகவே இரண்டாவதையும் அமுக்கினேன். சந்தேகமே இல்லை. குட்டைதான்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவுக்கு முதலாளியே கேமராவை எடுத்துக்கொண்டு போயிருந்தார். ஓடுகிற பிள்ளைகளை வெயிலில் எடுக்கத் திருகை வேகமான எண்ணுக்கு மாற்றியிருப்பார். திங்கட்கிழமை காலை புதுப் பிளாஸ்திரி ஒட்டிக் கையெழுத்துப் போட்டதை நானே பார்த்தேன். திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து விட்டுத்தான் ஒட்டினாரா?

மிச்சம் இரண்டு படம். பிரித்தால் நானூறு ரூபாயும் வேலையும் போய்விடும். பிரிக்காவிட்டால் அந்த அம்மாவின் முகம் போய்விடும், போனது போனதுதான். ஆணியும் சுத்தியலும் பெட்டிக்குப் பக்கத்திலேயே தயாராக இருந்தன. என் சந்தேகமே தப்பாக இருந்து, நான் திருகிக் கெடுத்துவிட்டால்? அந்தச் சிவப்பு 60 நான் நினைத்ததே இல்லாமல் வேறு எதற்காவது இருந்தால்? நான் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு செபஸ்தியான், “என்னா தம்பி, மக்கர் பண்ணுதா?” என்றார்.

“ஒன்னுமில்லீங்க, ஒரு நிமிசம்.”

உபதேசியார், “நிக்கிறவங்க நின்னுக்கிட்டே இருக்கறதா?” என்றார்.

கட்டைவிரல் நகத்தால் பிளாஸ்திரியின் ஓரத்தைக் கிளப்பினேன். கையெழுத்து நடுவில் பிளந்தது. அடியில் திருகு 125இல் நின்றது. ஒரு பல் திருப்பினேன். சிவப்பு. அமுக்கினேன். பழைய சத்தம். நாலாவதையும் அமுக்கினேன். பழைய சத்தம்தான். பிளாஸ்திரியைத் திரும்ப ஒட்டிப் பார்த்தேன். ‘ராஜ’ ஒரு பக்கமும் ‘மாணிக்கம்’ ஒரு பக்கமுமாகக் கோணிக்கொண்டு நின்றது. அதற்குள் பெட்டியை மூடிவிட்டார்கள். ஒவ்வொரு ஆணி அடிக்கும்போதும் எனக்குத் திருகைத்தான் நினைக்கத் தோன்றியது.

ஸ்டுடியோவுக்கு வந்து, அவர் கண்டுபிடிக்கும் முன் நானே சொல்லிவிட்டேன். முதலாளி கேமராவை வாங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, பிளாஸ்திரியைப் பார்த்தார்.

“ஒக்காருங்க கலியபெருமாள்.”

மூலையில் தங்கராசு அண்ணனின் பென்சில் நின்றுபோனது.

“இதுல யாரு கையெழுத்து?”

“ஒங்க கையெழுத்துதாங்க.”

“பிரிச்சது?”

“நான்தாங்க. சத்தம் மாறுச்சிங்க மொதலாளி. பிரிச்சிப் பாத்தா நூத்தியிருவத்தஞ்சில நின்னுச்சிங்க. ஞாயித்துக்கெழம வெளையாட்டு விழாவுக்கு...”

“கேமரா ஒங்ககிட்ட பேசுதுங்களா?”

அவர் இருட்டறைக்குள் போனார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் வெளியே வந்து, ஈர ஃபிலிமை விளக்குக்கு நேராகப் பிடித்தார். முதல் இரண்டு படத்திலும் இடது பாதி பதியவே இல்லை; அந்த வேகத்தில் ஷட்டர் முழுசாகத் திறப்பதற்குள் ஃபிளாஷ் எரிந்து அணைந்திருக்கிறது. சவேரியம்மாளின் முகம் இல்லை, லூர்துமேரி இல்லை, செபஸ்தியான் இல்லை. கால்மாடும் உபதேசியாரும் பளிச்சென்று விழுந்திருந்தார்கள். மூன்றாவதும் நாலாவதும் முழுசாக வந்திருந்தன. முகம், ஜெபமாலை, கன்னத்துச் சுருக்கம் எல்லாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் நினைத்தது சரி. ஒரு நிமிடம் அவரும் சந்தோஷப்படுவார் என்றுகூட நினைத்தேன்.

“ரெண்டு போச்சு” என்றார் முதலாளி.

“அது பிரிக்கறதுக்கு முன்னாடி எடுத்ததுங்க. பிரிச்சப்பறம் எடுத்ததுதாங்க வந்திருக்கு. ஓரத்துல நம்பர் இருக்குங்க, பாருங்க, மொதல்ல அது ரெண்டும்தான்...”

“நம்பர் எனக்கும் தெரியும். மொதல்ல பிரிச்சீங்க. தெரியாத்தனமா திருப்புனீங்க. ரெண்டக் கெடுத்தீங்க. அப்பறம் பயந்துபோயி பழைய எடத்துல வச்சீங்க. இதுதானே நடந்துருக்கு?”

இன்றுவரை அதை நினைத்துப் பார்க்கிறேன். அந்தச் சுருளை வைத்துக்கொண்டு யார் பார்த்தாலும் அவர் சொன்னதும் பொருந்தும், நான் சொன்னதும் பொருந்தும். முதல் படத்துக்கு முன்னாலேயே பிரித்துப் பார்த்திருந்தால் கெட்ட படமே இருந்திருக்காது, அவர் கையில் எனக்கு எதிராக ஒன்றும் இருந்திருக்காது. நிச்சயப்படுத்திக்கொள்ளலாம் என்று இரண்டாவதை அமுக்கினேனே, அதுவும் சேர்ந்து என்னை மாட்டிவிட்டது.

“தங்கராசு அண்ணனக் கேளுங்க மொதலாளி. திங்கக்கெழம நீங்க புதுசு ஒட்டுனத அவரும் பாத்தாரு.”

முதலாளி திரும்பி, “தங்கராசு, பாத்தியா?” என்றார். “பாத்தியா” என்றுதான் கேட்டார். “பாத்தீங்களா” என்று கேட்கவில்லை. தங்கராசு அண்ணன் பூதக்கண்ணாடிக்கு அடியிலிருந்த நெகட்டிவை விட்டு நிமிரவில்லை.

“நான் டச்சிங்ல இருந்தேங்க. கவனிக்கல.”

முதலாளி கத்தரியை எடுத்து, முதல் இரண்டு படத்தை வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டார். அவர் தப்புக்கு இருந்த ஒரே சாட்சி அதுதான். எனக்கு முன்னாலேயே வெட்டினார்.

“நாளைலேருந்து வர வேண்டாம். கணக்குப் பாத்துச் சொல்லியனுப்புறேன். பிளாஸ்திரி பதினஞ்சு பைசா. அதக்கூட நான் ஒங்ககிட்ட கேக்கல, பாருங்க.”

டீ வந்தது. எனக்கும் ஒன்று வைக்கச் சொன்னார். நான் குடித்தேன். குடிக்காமல் எழுந்து வரத் தெரியாதவனாக இருந்தேன் அப்போது.

சில நாள் கழித்துக் கடைத்தெருவில் தங்கராசு அண்ணன் எதிரே வந்தார். ஒதுங்கிப்போகப் பார்த்தேன், அவரே பிடித்து நிறுத்தினார்.

“எனக்கு மூணு பொட்டப்புள்ளடா.”

“நான் ஒன்னும் கேக்கலியேண்ணே.”

“ஒன்னப் பாத்து ஒன்னு கத்துக்கிட்டேன். கேமராவுல சத்தம் வந்தாலும் காது கேக்காத மாதிரி இருக்கணும்.” சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு அந்தச் சிரிப்பு இன்னும் கசக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச காலம் அறுவடைக்குப் போனேன். அப்பா மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. சிங்கப்பூர் கப்பலில் வந்த ஒருவரிடம் பழைய கேமரா ஒன்றைத் தவணைக்கு வாங்கி, ஒட்டிவைத்த அந்தக் காகிதத் துண்டுகளை வைத்துக்கொண்டு தனியாகத் தொழில் தொடங்கினேன். ஒன்றைக் கற்க ஒரு சுருளைக் கெடுத்தேன். வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் படம் எடுத்துத்தான் குடும்பம் நடந்தது.

எண்பதுகளில் ஒருநாள், பாஸ்போர்ட் படம் எடுக்க லூர்துமேரி என் கடைக்கு வந்தார். தலை நரைத்துவிட்டது. அண்ணன் பிரான்சுக்குக் கூப்பிட்டிருக்கிறாராம். ஸ்டூலில் உட்காரவைத்து முகத்தை நிமிர்த்தியபோது, “நீங்கதானே தம்பி அன்னிக்கி அம்மாவ எடுத்தது?” என்றார்.

“ஆமாங்க்கா.”

“அண்ணன் அந்தப் படத்தத்தான் வீட்டுல பெருசாப் போட்டு மாட்டியிருக்கு. போன தடவ லீவுல வந்தப்ப, ஒங்களுக்கு நன்றி சொல்லணும்னு நீங்க மொத வேல பாத்த ஸ்டுடியோவுக்கே போச்சே. என்னமோ ஒரு சாமான், வெளிச்சத்த அளக்குறதாம்ல, வெலை கூடுனது, அங்கேருந்து வாங்கியாந்து ஒங்க மொதலாளி கையில குடுத்துச்சி. ஒங்களுக்குச் சொல்லலியா?”

லைட் மீட்டர். உள்ளங்கையில் அடங்குகிற சாமான். அதைப் பிடித்தால் எந்த வெளிச்சத்துக்கு எந்த எண் என்று அதுவே சொல்லிவிடும். குப்பைக் காகிதத்தில் சூரியனையும் மேகத்தையும் பார்த்துப் பார்த்து நான் ஊகித்துக்கொண்டிருந்த காலமெல்லாம் என் கனவில் வந்த சாமான்.

“சொன்னாருங்க்கா” என்று சொல்லிவிட்டேன். ஊருக்குப் போகிற மனுஷியை ஏன் கலக்க வேண்டும்? பிறகு, அவர் போனதும், ஏன் அப்படிச் சொன்னேன் என்று நாள் முழுக்க என்னையே நொந்துகொண்டேன்.

மறுநாள் ராஜமாணிக்கம் முதலாளியின் ஸ்டுடியோவுக்குப் போனேன். கலர் வந்துவிட்டது, கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கவும் ஆள் வைத்திருந்தார். வாசல் கண்ணாடி அலமாரியின் நடுவில் சவேரியம்மாளின் படம், பெரிதாக, அடியில் ஸ்டுடியோ பெயரோடு. உபதேசியாரை வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். படத்துக்கு முன்னால் சிவப்பு வெல்வெட்டில் அந்த லைட் மீட்டர், பொம்மை மாதிரி. அதன் தோல் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

“வாங்க கலியபெருமாள்.”

அந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

“டெபாசிட் விஷயமாங்க... அந்த மாசத்துச் சம்பளமும்...”

“படத்தக் கெடுத்தீங்களே, அதுக்கே சரியாப்போச்சே.”

“கெட்ட படமா வாசல்ல மாட்டியிருக்கீங்க?”

என் வாழ்க்கையில் நான் அவரிடம் எதிர்த்துப் பேசியது அது ஒன்றுதான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அது என் கேமரா, என் ஃபிலிம், நான் கழுவுன படம். நீங்க அமுக்குனீங்க. அமுக்குனதுக்குச் சம்பளம் வாங்கிக்கிட்டுத்தானே இருந்தீங்க?”

“பதினெட்டு நாள் வாங்கலீங்க.”

“கணக்குப் பாத்துச் சொல்லியனுப்புறேன்.”

சொல்லியனுப்பவில்லை. அவர் இறந்தபோது நான் போகவில்லை. போனால் யாராவது என் கையில் கேமராவைக் கொடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

இனிக் கற்கும் வழிகள். இப்போது போனைத் திறந்தால் திருகு எது, சிவப்பு ஏன், எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்லித் தருகிறார்கள். கேமராவோடு வருகிற புத்தகத்தை ஒரு தடவையாவது முழுக்கப் படியுங்கள். படிக்க வராவிட்டால் படிக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோய்ச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். கெட்டுப்போன படத்தை அழிக்காதீர்கள். எந்த எண்ணில் வைத்து எடுத்தீர்கள் என்பது இப்போது அதற்குள்ளேயே பதிந்துவிடுகிறதாம். நாளைக்கு யாராவது உங்கள் மேல் பழி போட்டால் அது வேண்டியிருக்கும். உங்களிடம் ஒரு பையன் வேலைக்கு வந்தால், அவன் கேட்கிறதைச் சொல்லிக்கொடுங்கள். சொன்னால் குறைந்துபோகாது.

இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கேமரா வகுப்பு ஒன்று நடக்கிறது. காசு வாங்குவதில்லை. போய் உட்கார்ந்து பார்த்தேன், நன்றாகவே சொல்லித் தருகிறார். நடத்துகிறவர் என்னை எழுதச் சொன்ன அதே செயலாளர் தம்பிதான். ராஜமாணிக்கம் முதலாளியின் மகன். அவருக்கு இது எதுவும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்று இத்தனை நாள் இருந்தேன். அவர்தானே அனுபவத்தைக் கேட்டார்? இதை அவர் கையில்தான் கொடுக்கப்போகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர் இஷ்டம்.

டெபாசிட் நானூறு ரூபாய். மாதம் எழுபத்தைந்து வீதம் பதினெட்டு நாள் சம்பளம் நாற்பத்தைந்து. வட்டி நான் கேட்கவில்லை. பிளாஸ்திரியைப் பிரித்தது நான்தான், அதை எப்போதும் மறுத்ததில்லை. அந்தப் பதினைந்து பைசாவைக் கழித்துக்கொள்ளலாம். பாக்கி நானூற்று நாற்பத்து நான்கு ரூபாய் எண்பத்தைந்து பைசா.